மோட்டாருக்குப் போன வளையம்

முதன்முதலில் தெரிந்தது சூரியநெல்லிப் பக்கம் ஒரு ஜீப்பில். என் மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அந்தத் தேயிலை மலை. சம்பந்தி வீட்டுக்குப் போன மறுநாள், மலை உச்சியைப் பார்க்காமல் போகக்கூடாது என்று எங்களை ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். முன்சீட்டில் என் வீட்டுக்காரர். பின்னால் பலகை சீட்டில் நானும் என் நாத்தனாரும், அதாவது அவருடைய அக்காவும், எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பாதை என்று அவர்கள் சொன்னது பாதை இல்லை. ஒரு கல், அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய கல், அவ்வளவுதான்.

"யம்மா, கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க" என்றார் ஜீப்காரர்.

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க முடியாமல் போனது வேறு. முதல் கல்லுக்குக் கொஞ்சம். அடுத்த கல்லுக்கு இன்னும் கொஞ்சம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கீழே பலகை சீட்டின் ரெக்ஸின் ஈரமாக இருந்தது. எல்லோரும் இறங்கி மேகத்தைப் பார்த்து ஆகா ஆகா என்றார்கள். நான் இறங்கவில்லை. தலை சுற்றுகிறது என்றேன். நாத்தனார் என்னை ஜீப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவில் நான் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். மகாராணி ஏன் எழுந்திருக்கவில்லை என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. இதைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வயசுக்கு வந்தபோது ஊரையே கூட்டினார்கள். ஸ்பீக்கர் கட்டினார்கள். தாய்மாமன் தட்டு வைத்தார். உளுந்தங்களி கிண்டிக் கிண்டி என் வாயில் திணித்தார்கள். அதே சமாச்சாரம் நின்றுபோனபோது ஒரு ஆள் ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுக்கவில்லை. இனிமேல் உன் உடம்பில் இன்னின்னது தளரும், தும்மும்போது காலைக் குறுக்கிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. வந்ததற்கு அத்தனை ஆரவாரம் செய்தவர்கள் போனதற்கு ஒரு சின்ன அறிவிப்பாவது செய்திருக்கலாம்.

ஜீப்பு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மலைக்காற்றின் குளிர்ச்சி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சத்தம் போட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். தென்னந்தோப்பு, மாடு, வெயில். அங்கே குளிர்ச்சியைக் குறை சொல்ல வழியே இல்லை. ஆனால் தும்மினால் வந்தது. இருமினால் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு எல்லோரும் சிரிக்க, நான் மட்டும் சாமி படம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று ஒறம்பரையில், சொந்தபந்தத்துக்குள், பேச்சு வந்தது.

இந்த நேரத்தில்தான் ஊருக்குள் கும்மி வந்தது. வள்ளி கும்மி எல்லையைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்ட வருஷம் அது. வாத்தியார் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சாயங்காலம் சாயங்காலம் பைக்கில் வந்தார். கோயில் மைதானத்தில் பெண்களை வரிசையாக நிறுத்திக் கைதட்டவும் அடிவைக்கவும் சொல்லிக்கொடுத்தார். மாரியம்மன் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், அரங்கேற்றம் என்று முடிவானது.

எனக்கு ஆட வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தவளை, மேலே சொன்ன அந்த உளுந்தங்களிக்குப் பிறகு, இனி ஆடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கல்யாணம், மூன்று பிரசவம், புல்லுக்கட்டு, பால் கேன். ஆட்டத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு டிவியோடு முடிந்துபோயிருந்தது. இப்போது இந்த வயதில் ஊரே சேர்ந்து ஆடு என்கிறது. விடுவேனா?

முதல் நாளே வாத்தியார் என் கைதட்டலைக் கேட்டுவிட்டு, "அந்த அக்கா முன்வரிசைக்கு வரட்டுங்க" என்றார். மாடு கறந்து காய்த்த கை. தட்டினால் தோப்புக்குள் கேட்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாத்தனாரும் முன்வரிசைதான், எனக்கு அடுத்தாற்போல. அவளுக்கு ஊரில் முறை, வழக்கம், மரியாதை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரி என்று ஒரு பெயர் உண்டு. யார் எங்கே நிற்க வேண்டும் என்று வாத்தியாருக்கே சொல்லிக்கொடுப்பாள்.

கும்மியில் முதல் சில அடிகள் நடைதான். அது வரைக்கும் நான் வள்ளியே வந்து இறங்கினாற்போல ஆடினேன். பிறகு வாத்தியார், "இப்ப குதிச்சுத் தட்டோணும்" என்றார்.

குதித்தேன். அவ்வளவுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நான் செய்த தந்திரங்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டேன். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன். கடையில் விற்கிற நாப்கினை வாங்கலாம்தான். ஆனால் எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பை நடத்துவது எங்கள் பங்காளி வீட்டு மருமகள். அவளிடம் கேட்பதற்குப் பதில் கோயில் மைக்கிலேயே சொல்லிவிடலாம். குதிக்கிற இடம் வரும்போது நான் மட்டும் குதிக்காமல் குதிப்பதுபோலத் தோளை மட்டும் தூக்கி இறக்குவேன். வாத்தியார் இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு முட்டி வலிங்களா?" என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்று நொண்டிக் காட்டினேன். மறுநாள் எந்தக் கால் என்பது மறந்து மற்ற காலை நொண்டினேன்.

சேலை எடுக்கிற கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் ஒரே நிறம். நான் ஆலிவ் பச்சை கேட்டேன். கருநீலம் கேட்டேன். மாட்டுச்சாணி நிறம் ஒன்று இருந்தால் அதையும் கேட்டிருப்பேன். ஈரம் காட்டாத நிறமாக உலகத்தில் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் வாதாடினேன். கடைசியில் சந்தன நிறம் என்று முடிவானது. சந்தன நிறத்தில் ஒரு சொட்டு தண்ணீர் பட்டால் தேசப்படம் மாதிரி தெரியும். அதைத்தான் வேண்டுமென்று என் நாத்தனார் நின்று ஜெயித்தாள். "மங்களகரமா இருக்கோணும் அம்மிணி" என்றாள். மங்களத்தோடு எனக்கு அன்று முழுக்கச் சண்டை.

ஒரு நாள் பயிற்சி நடுவில் நான் அவசரமாகத் தோப்புப் பக்கம் ஓடியதை அவள் பார்த்துவிட்டாள். திரும்பி வந்ததும் ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டாள்.

"என்ன புள்ள, அடிக்கடி ஓடறே?"

"அடக்க முடியறதில்லீங்க நங்கை" என்றேன். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

"சூடு" என்றாள், யோசிக்கவே இல்லை. "உடம்பு பூராச் சூடு. உனக்கு எளநி வேணும்."

எங்கள் பக்கத்தில் உலகத்தில் உள்ள நோய் எல்லாம் ஒன்றுதான், அதன் பெயர் சூடு. மருந்தும் ஒன்றுதான், அது எங்கள் தோப்பிலேயே காய்க்கிறது. கண் எரிந்தால் இளநீர், வேர்க்குரு வந்தால் இளநீர், மருமகள் எதிர்த்துப் பேசினால் அவளுக்கும் இளநீர். மறுநாளிலிருந்து பயிற்சிக்கு முன்னால் நாத்தனார் ஆள் விட்டு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து, என் முன்னால் நின்று, குடிக்கிறேனா என்று பார்த்துக் குடிக்கவைத்தாள். தனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டாள். மூத்தவள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. வயிறு முட்ட இளநீர் குடித்துவிட்டுக் குதிக்கப் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. "பாத்தயா, சூடு எறங்குது" என்று அவள் திருப்தியாகச் சொன்னாள்.

பிறகு இன்னொன்று சேர்ந்தது. சாயங்காலமானால் கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல இருக்கும். இரண்டு தொடைக்கும் நடுவில் கோழிமுட்டை ஒன்றை உடையாமல் வைத்துக்கொண்டு நடப்பதுபோல ஒரு நடை வந்துவிட்டது எனக்கு. அப்போதுதான் பயந்தேன். பெரிய வியாதியாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் விக்கல் வந்தது. விக்கலுக்கும் வந்தது.

பாலக்காடு டவுனில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம் லேடீஸ் சமாச்சாரம் என்றேன். இந்த இரண்டு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் அபார சக்தி உண்டு. அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழ் பேசினார். பரிசோதித்துவிட்டு, "பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. பெரிய வியாதி ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு அங்கேயே பாதி உயிர் திரும்பியது. தன் கழுத்தில் கிடந்த துப்பட்டாவை எடுத்து இரண்டு முனையையும் என்னைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

"உள்ள இப்படித்தான். கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அடியில தசையும் நாருமாச் சேர்ந்து தாங்கிப் பிடிக்குது. அந்த நாரு உறுதியா இருக்க ஈஸ்ட்ரஜன்னு ஒரு ஹார்மோன் வேணும். மென்சஸ் நின்னா அது குறையும். நாரு மெலியும், தொய்யும்." துப்பட்டாவைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். பாட்டில் கீழே இறங்கியது. "சேச்சிக்கு எத்தனை பிரசவம்?"

"மூணுங்க."

"எல்லாம் சுகப்பிரசவம்?"

"யாருக்குச் சுகம்னு தெரியலீங்க. ஆனா சுகப்பிரசவந்தான்."

அவர் சிரித்தார். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். புல்லுக்கட்டு, பால் கேன், தண்ணீர்க் குடம், தேங்காய் மூட்டை என்று நான் சொல்லச் சொல்லத் துப்பட்டாவை இன்னும் இன்னும் தளர்த்தச் சொன்னார். பாட்டில் என் மடியில் வந்து விழுந்தது.

பழைய பாவாடையின் எலாஸ்டிக் என்று எனக்குப் புரிந்தது. துவைத்துத் துவைத்து, இழுத்து இழுத்து, ஒரு நாள் இடுப்பில் நிற்காமல் போய்விடுகிறதே, அது. அதை யாரும் பாவாடையின் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை. இத்தனை நாளாக நான் என்னவோ தப்புச் செய்துவிட்டதுபோலத் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. சூடு இல்லையா என்று கேட்டேன். சூடு இல்லை என்றார். இளநீர் என்றேன். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மூன்று வைத்தியம் சொன்னார். மெலிந்த இடத்தில் தடவ ஒரு ஹார்மோன் கிரீம். பிறகு ஒரு பயிற்சி, மூத்திரத்தை நிறுத்துவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது. மூன்றாவது, இறங்கியதைத் தாங்கிக்கொள்ள ஒரு சிலிக்கான் வளையம். அளவு பார்த்து அவரே வைத்தார். வாரம் ஒரு தரம் நானே எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துத் திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வளையல் அளவுக்கு வட்டமாக, கொஞ்சம் மொத்தமாக, அழகாகத்தான் இருந்தது.

பயிற்சியை எங்கேயும் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா. அவருக்கு என் முகத்தைப் பற்றித் தெரியாது. நான் கீழே இழுத்துப் பிடித்தால் மேலே புருவம் சேர்ந்து ஏறுகிறது, உதடு குவிகிறது, மூக்கு விடைக்கிறது. பேங்க் வரிசையில் நின்று பயிற்சி செய்தேன். கவுண்டரில் இருந்த பெண் பயந்துபோய், "அம்மா நீங்க முதல்ல வாங்க" என்றாள். பால் சொசைட்டியில் செய்தேன். பால் அளக்கிறவர் நான் முறைக்கிறேன் என்று நினைத்து அளவை இரண்டாம் தரம் பார்த்தார். கோயிலில் அம்மன் முன்னால் செய்தபோது பக்கத்தில் இருந்தவள் எனக்கு அருள் வருகிறது என்று திருநீறு எடுத்துப் பூசிவிட்டாள்.

ஆனால் வேலை செய்தது. கிரீம், பயிற்சி, வளையம் மூன்றும் சேர்ந்து சில வாரங்களில் எனக்கு மறுவாழ்வு கொடுத்தன. ஒரு நாள் மத்தியானம் தொழுவத்தில் யாரும் இல்லாதபோது ஒரு குதி குதித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று குதித்தேன். மாடு புல் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அதன் முன்னாலேயே கைதட்டி முழுக் கும்மியும் ஆடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி இருந்ததில்லை. பயிற்சியில் நான் குதித்த குதியைப் பார்த்து வாத்தியார், "அக்கா முட்டிக்கு என்ன தைலமுங்க?" என்று கேட்டார். நாத்தனார் முந்திக்கொண்டு, "எளநி" என்றாள்.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. வளையத்தைக் கழுவுகிற நாள் அது. பின்பக்கக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்தால் கல் மட்டும் இருந்தது.

காக்காயைச் சந்தேகப்பட்டேன். நாயைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். சாக்கடையில் குச்சி விட்டுத் துழாவினேன். துவைக்கிற கல்லையே புரட்டப் பார்த்தேன். அப்போது மோட்டார் ரூம் பக்கமிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு ஒழுகறதில்ல பாத்துக்குங்க. கடைல இந்த மாதிரி வாசர் கெடைக்காது. என்னமோ பாரின் ஐட்டமாட்ட இருக்குது. கல்லு மேல கெடந்துச்சு."

துவைக்கிற கல்லை அப்படியே விட்டேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் என்னோடு பேசியதைவிட அந்த மோட்டாரோடு பேசியது அதிகம். ரொம்ப நாளாக அதன் பைப் ஜாயிண்டில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எங்கே வட்டமாக ரப்பர் போல ஒன்றைக் கண்டாலும் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டுக் குக்கருக்கு ஒரு வருஷம் வளையமே தங்கவில்லை, எல்லாம் மோட்டாருக்குத்தான் போனது. கிழக்குப் பாலக்காட்டில் எந்தத் தோட்டக்காரனிடம் ஒரு வளையத்தைக் காட்டினாலும் அவன் சொல்லப்போவது ஒன்றுதான், வாசர்.

பக்கத்துத் தோட்டக்காரர் போகும்வரை வேலியோரம் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

"ஏனுங்க, அதக் கழட்டுங்க."

"எதைய?"

"அந்த வளையத்த."

"கழட்டி? அளவுக்குக் கத்தியில கொஞ்சம் செதுக்கித்தான் போட்டிருக்கேன். நல்லாப் புடிச்சுட்டுது. ஏம்புள்ள, உன்றதா? குக்கருக்கு வேற வாங்கிக்கலாம்."

செதுக்கிவிட்டார். நான் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை பார்க்கமாட்டார். மறுநாள் நோம்பி, அரங்கேற்றம். முன்வரிசை. சந்தன நிறச் சேலை. எனக்கு வந்த கோபத்தில் லேடீஸ் சமாச்சாரம் என்ற மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், தும்மல், வேட்டித்துணி, துப்பட்டா, பாட்டில், கடைசியாக அந்த வளையம் இருக்க வேண்டிய இடம். கடைசி விஷயத்தைச் சொன்னபோது அவர் மோட்டாரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், திரும்ப மோட்டாரைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையின் நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டார். "மாட்டுக்குக் கர்ப்பப்பை வெளிய தள்ளுமல்ல, அதாட்டவா?"

"என்னைய மாட்டோட சேத்திட்டீங்களா?"

"அதுக்கில்ல புள்ள. மாட்டுக்குன்னா நா டாக்டரக் கையோட கூட்டியாந்துருவேன். உனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே. எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

எப்படிச் சொல்வது? நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் உரம், மழை, கல்யாணப் பத்திரிகை, மாடு தவிர எதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்? ஆனால் அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. என் கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை.

"நாளைக்கு ஆடோணுமா?" என்றார்.

"ஆடோணுமுங்க."

"அப்ப ஆடு" என்றார். அவ்வளவுதான். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அரங்கேற்றம். கும்மி முடிந்ததும் மஞ்சள் நீராட்டு. நோம்பியின் கடைசியில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுகிற வழக்கம் இது. மைதானத்தின் ஓரத்தில் பெரிய டிரம்களில் மஞ்சள் தண்ணீர் கலக்கி வேப்பிலை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். இதில் முறை முக்கியம். மாமன், மச்சான், கொழுந்தி என்று கட்டிக்கொள்கிற முறை உள்ளவர்களுக்குள்தான் ஊற்றலாம். அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குள் ஊற்றவே கூடாது. தெரியாமல் ஊற்றிவிட்டால்கூடப் பெரியவர்கள் வாயில் விழ வேண்டும்.

நான் வேட்டித்துணியை முடிந்தமட்டும் மடித்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். தவில் தொடங்கியதும் பயம் மறந்துவிட்டது. ஊரே பார்க்கிறது. மகளும் மருமகனும் சூரியநெல்லியிலிருந்து வந்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே சேலை, ஒரே ரவிக்கை, ஒரே மல்லிகைப்பூ. தட்டினோம், சுற்றினோம், குனிந்து நிமிர்ந்தோம். பயிற்சி கைகொடுத்தது. நான் முகத்தை என்னவெல்லாம் செய்தேனோ தெரியாது, ஆனால் பாதிக்கு மேல் வரை தாங்கிவிட்டேன். என் கைதட்டல் தனியாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் நிறுத்திய இடத்திலிருந்து திரும்பத் தொடங்கியதுபோல இருந்தது.

கடைசிப் பாட்டு வேகப்பாட்டு. குதித்துக்கொண்டே தட்ட வேண்டும். மூன்றாவது நான்காவது குதியில் துணி தாங்காது என்று தெரிந்துவிட்டது. சூடாக இறங்கியது. முன்பக்கம் கொசுவம் மறைத்துக்கொள்ளும். பின்பக்கம்தான் ஆபத்து. இன்னும் கொஞ்சத்தில் வரிசை முழுக்கத் திரும்பிக் கூட்டத்துக்கு முதுகு காட்ட வேண்டும், அடவு அப்படி. நான் மட்டும் திரும்பாமல் நின்றால் வரிசை குலைந்துவிடும். திரும்பினால் ஊருக்கே தேசப்படம் தெரியும். தட்டிக்கொண்டே அம்மனைக் கூப்பிட்டேன்.

திரும்பினோம்.

அந்த நேரத்தில் என் முதுகில் சளாரென்று தண்ணீர் விழுந்தது. எனக்கு மட்டுமில்லை. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு, அந்தப் பக்கம் இருந்த நாத்தனாருக்கு, அதற்கடுத்தவளுக்கு என்று முன்வரிசை முழுக்க மஞ்சள் தண்ணீர் வாரி வாரி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பக்கெட்டோடு, ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தார். நோம்பியில் பூக்கடை ஓரத்தில் நின்று தேங்காய் விலை பேசுவதைத் தவிர வேறு எதுவும் செய்து நான் பார்த்திராத மனுஷன். பார்த்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் நீராட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்து டிரம்களை நோக்கிப் பாய்ந்தார்கள். தவில்காரர் நிறுத்தாமல் இன்னும் வேகமாக அடித்தார். வாத்தியார் மட்டும் நடுவில் நின்று, "இன்னும் ஒரு அடி இருக்குதுங்க, ஒரு அடி இருக்குதுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பேரன் பேத்தி எடுத்த வயதில் பெண்டாட்டி மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வந்துவிட்டான் பார் என்று கேலி கிளம்பியது. அவர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, காது சிவக்க நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க, எல்லாருக்குமா ஊத்துவாங்க?"

"நீ குதிக்கறப்பவே உன்ற மொகத்தப் பாத்துப் புரிஞ்சுட்டேன்" என்றார் மெதுவாக. "பக்கெட்ட எடுத்துட்டு வரக்குள்ள எல்லாரும் திரும்பிட்டீங்க. பின்னால இருந்து பாத்தா எல்லாரும் ஒண்ணாட்ட, எது நீன்னு தெரியல."

அந்த மனுஷனை அந்த இடத்திலேயே கட்டிப் பிடித்திருப்பேன். எங்கள் ஊரில் அது முடியாது.

அதற்குள் கூட்டத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு பெரியவர், "ஏப்பா, கூடப் பொறந்தவளுக்குமா ஊத்துவாங்க? முறை தெரியாதா உனக்கு?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் என் நாத்தனாரைப் பார்த்தார்கள். சேலை, பூ, கொண்டை எல்லாம் மஞ்சள் வழிய நின்றுகொண்டிருந்தாள். சின்ன விஷயத்துக்கே மூன்று தலைமுறை முறையை எடுத்துப் பேசுகிறவள். இன்றைக்குத் தம்பி செத்தான் என்று ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளோ என் கையைப் பிடித்து விறுவிறுவென்று கோயில் சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"தம்பி நல்ல நேரத்துல ஊத்துனான் அம்மிணி" என்றாள். "இல்லாட்டி இன்னைக்கு என்ற மானம் போயிருக்கும்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப நாளா இருக்குதா நங்கை?"

"உனக்கு முன்னாலிருந்தே." மூக்கை உறிஞ்சினாள். "நீ டவுனு டாக்டரம்மாகிட்டப் போனதத் தம்பி சொன்னான். அவங்ககிட்ட என்னையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போறயா?"

"நாளைக்கே போலாமுங்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மூக்கு நுனியில் மஞ்சள் சொட்ட நாங்கள் இரண்டு பேரும் நின்ற கோலம் அப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. சிரித்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.